இரண்டாம் சங்குக்குள் எட்டுப் பேர்

காசிமாயன் மேஸ்திரி வாயைத் திறந்தால் மில்லுக்குள் மிஷின் சத்தம் அடங்கிப்போகும் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. பழங்காநத்தம் தாண்டி ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்த நூல் மில்லில், புது ஆட்களை வேலைக்குப் பழக்குகிற பொறுப்பு பல வருஷமாக அவர் கையில் இருந்தது. பழக்குவது என்றால் என்ன? காலையில் கேட்டுக்குள் வரிசையாக நிற்கவைத்து மில் சட்டங்கள் இருபத்து மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். 'ஓடிப்போகிறவர்களுக்குத் திரும்ப வேலை கிடையாது' என்பது இருபத்து மூன்றாவது சட்டம். அது வருவதற்குள் வரிசையில் பாதிப் பேர் ஓடிப்போவதென்று முடிவு கட்டியிருப்பார்கள். மீதிப் பேரை நேரே மிஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "ம், ஓட்டு!" என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

சித்திரையில் சேர்ந்த எட்டுப் பெண்களில் ஆறு பேர் ஒரே வாரத்தில் கம்பி நீட்டினார்கள். வைகாசியில் சேர்ந்தவர்கள் பதினோரு நாள் தாங்கினார்கள். ஆனியில் வந்த ஒருத்தி மத்தியானச் சோற்றுக்கு வெளியே போனவள் தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் அப்படியே போய்விட்டாள். அந்தச் சட்டி வாட்ச்மேன் சின்னக்கருப்பனின் ஜன்னலில் கேட்பாரற்று உட்கார்ந்திருந்தது.

"மேகாட்டு ஆளுக சார், மேக்க மானாவாரிக் காட்டுல வளந்தவுக. ஒடம்பு வணங்காது," என்றார் காசிமாயன், மேனேஜர் கோதண்டத்திடம்.

கோதண்டம் அதிகம் பேசாத மனிதர். சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம் ஒன்று வைத்திருப்பார். எதற்கெடுத்தாலும் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அன்றைக்கு அவர் நின்றது ரீலிங் பிரிவில். நூற்ற நூலைச் சுற்றிச் சிட்டமாக்குகிற பிரிவு அது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். பக்கத்தில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த மாயக்காள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ஒடம்பெல்லாம் வணங்கும் சார். தண்ணி எங்கன இருக்குன்னுகூட யாரும் அவுகளுக்குச் சொல்றதில்ல. ஒதுங்குறதுக்கு எங்கன போறதுன்னும் சொல்றதில்ல. பின்ன ஓடாம என்ன செய்வாக?"

காசிமாயனை எதிரில் வைத்துக்கொண்டு அப்படிப் பேசியவர்கள் அதுவரை இல்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இருபத்தொரு வயதில் வேலைக்கு வந்த முதல் நாள் அவள் பட்ட பாடு அது. கக்கூஸ் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, சாயங்காலம் சங்கு ஊதும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போனதும் அழுத அழுகை இன்றைக்கும் மறக்கவில்லை.

மேனேஜர் கடிகாரத்தைத் திறந்து பார்த்தார்.

"ஆவணி ஒண்ணாம் தேதி பத்துப் பேர் புதுசா வர்றாங்க. நீயே பழக்கு. முப்பதாம் தேதி காலையில எட்டுப் பேர் மிச்சம் இருந்தா, ரீலிங்குக்கு நீதான் மேஸ்திரி. இல்லைன்னா இந்தப் பிரிவும் காசிமாயன்கிட்டப் போகும்."

ரீலிங்கின் பழைய மேஸ்திரி வேலையை விட்டு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் காசிமாயன் வந்தால் நாற்பது பெண்களும் காதைப் பொத்திக்கொண்டுதான் சிட்டம் போட வேண்டும். பொம்பளை மேஸ்திரி என்று அந்த மில்லில் அதுவரை ஒருத்தியும் இருந்ததில்லை. மாயக்காளுக்கு அந்தப் பதவி மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, தூக்கத்தில்கூடப் புது ஆட்களைத் தலை எண்ணுகிற ஆசை.

ஆவணி ஒன்றாம் தேதி பத்துப் பேரும் வந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு ஊர்க்காரிகள். மூட்டை முடிச்சோடு மில் லயன் வீடுகளில் இறங்கியிருந்தார்கள். பத்துப் பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் ஒச்சம்மாள். முப்பத்தைந்து வயது, கட்டையான உடம்பு, எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற வாய். அவளுக்குப் பின்னால் தங்கப்பொண்ணு, சோலையம்மாள் என்று மற்றவர்கள்.

மாயக்காள் அவர்களை மிஷின் பக்கமே கூட்டிப்போகவில்லை. முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். பிறகு கக்கூஸ். பிறகு சோறு தின்கிற வேப்பமரத்தடி. காலையில் சங்கு இரண்டு தடவை ஊதும், ஆறரைக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, இரண்டாவது ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று சொன்னாள். சின்னக்கருப்பனிடம் கூட்டிப்போய், "இவரு கேட்டு வாட்ச்மேன். மொகத்தப் பாத்துப் பயந்துறாதீக, நல்ல மனுசன்," என்றாள். சின்னக்கருப்பன் வெட்கப்பட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு பொட்டுப் பஞ்சு கொடுத்துக் காதில் வைக்கச் சொன்னாள். மிஷின் ஓடும்போது பேச்சு எடுபடாது என்பதால் ரீலிங்காரிகள் வைத்திருந்த கைப்பேச்சையும் சொல்லிக்கொடுத்தாள். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர். இரண்டு விரலைப் பிரித்தால் நூல் அறுந்தது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் கடிகாரம், அதாவது மேனேஜர் வருகிறார். இரண்டு கையையும் காதில் வைத்தால் காசிமாயன் வருகிறார். கடைசிச் சைகையை மட்டும் பத்துப் பேரும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள்.

தூரத்திலிருந்து பார்த்த காசிமாயனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் இது? திருவிழாப் பாக்க வந்தது மாதிரி ஊர்வலம் போறாக! அர நா போச்சு, ஒரு மொழம் நூல் சுத்தல!" என்றார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் அறைக்கு நடந்தார்.

இரண்டாம் நாள் ரீலில், அதாவது நூல் சுற்றுகிற மிஷினில், கை வைத்தார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. அவர்களுக்கு ஒதுக்கிய பத்து ரீல்களின் நெற்றியில் ஒன்றிலிருந்து பத்து வரை இங்கிலீஷ் எண் எழுதியிருந்தது. பத்துப் பேரில் ஒருத்திக்கும் எண் படிக்கத் தெரியாது. தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வருகிறவள் இன்னொருத்தி ரீலில் போய் நிற்பாள். இவள் சிட்டத்தை அவள் அவிழ்ப்பாள், அவள் சிட்டத்தை இவள் கட்டுவாள், அப்புறம் இரண்டு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நிற்பார்கள். ஒரு நாள் முழுக்க மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் கேட்டாள்:

"ஒச்சக்கா, ஒங்க ஊர்ல நூறு மாடு ஒண்ணா மேயுதே, சாயங்காலம் அவுக அவுக மாட்ட எப்பிடிக் கண்டுபிடிக்கிறீக?"

"நல்லாக் கேட்ட போ தாயி! மாட்டுக்குப் பேரு இருக்குல்ல?"

"அப்ப இதுகளுக்கும் வைங்க."

அரை மணி நேரத்தில் பத்துக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. மயிலை, செவலை, காரி, கொம்பன், கூளை என்று வரிசையாக. பத்தாவது ரீல் எடுத்ததற்கெல்லாம் நூலை அறுக்கும், கிளம்பவே மாட்டேன் என்று மக்கர் பண்ணும். அதற்குச் சண்டி என்று பெயர் வைத்து ஒச்சம்மாளே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் இடம் மாறி நிற்கவில்லை. காலையில் வந்ததும் அவளவள் ரீலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். "செவலையில பட்ட அந்துருச்சு," என்று ஒருத்தி வந்து சொன்னால், ஃபிட்டர் பால்பாண்டி முதலில் முழித்தார். நாலு நாளில் அவரும், "காரிக்கு எண்ணெய் விட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் மாடு என்று வைத்துக்கொண்டால் அதற்கு உண்டான கூத்தும் கூடவே வரும். ஆறாம் நாள் உச்சிவெயிலில் திடீரென்று பத்து ரீலும் நின்றுவிட்டன. மாயக்காள் பதறிப்போய் ஓடி வந்தாள். பத்துப் பேரும் அலுங்காமல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல தாயி. உச்சியாயிருச்சுல்ல? தொட்டுப் பாரு, ஒடம்பு கொதிக்குது. காலையில இருந்து ஓடுது, வாயில்லாத சீவன். செத்த அவுத்து விட்டுட்டுப் பொழுது சாயப் பூட்டுவோம்," என்றாள் ஒச்சம்மாள். சண்டியின் இரும்புக் காலில் ஈரத்துணி வேறு சுற்றியிருந்தாள்.

காதில் கை வைக்கிற சைகைக்கு அவசியமே இல்லாமல் காசிமாயன் வந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. சோலையம்மாள் அழுதுவிட்டாள். இரண்டு பேர் சாயங்காலமே மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

மாயக்காள் லயன் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்தாள். புத்தி சொல்லவில்லை. கூழை வாங்கிக் குடித்தாள், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டாள். "மேஸ்திரி போட்ட சத்தத்துல எனக்கே காலு நடுங்கிருச்சுக்கா," என்றாள். அது உண்மைதான். அதைக் கேட்டதும் அழுதவள் சிரித்தாள். பிறகு மாயக்காள் சொன்னாள்: "இந்த மாட்டுக்குக் களைப்பு வராது. களைப்பு நமக்குத்தான் வரும். அதனால மாட்ட நிறுத்தாதீக, ஆள் மாத்திக்கங்க. ஒருத்தி காத்தாட உக்காரும்போது பக்கத்துக்காரி ரெண்டையும் பாத்துக்கட்டும்." மூட்டைகள் அவிழ்ந்தன. ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு ரீலைப் பார்க்கப் பழகினது அப்படித்தான்.

இருபத்தைந்து நாள் ஓடிப்போயிற்று. பத்துப் பேரும் பத்துப் பேராகவே இருந்தார்கள். மில்லே வாயைப் பிளந்தது. மாயக்காள் முகத்தில் மேஸ்திரிக் களை வந்துவிட்டது என்று சின்னக்கருப்பன் கேலி பண்ணினார். அவளும் மனசுக்குள் மேஸ்திரி ஆகியே விட்டாள். எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பாவம், அவள் பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுக்க வேண்டும் என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

ஆவணி இருபத்தாறு, மத்தியானம் மூன்று மணி. தகரக் கூரையில் சோளத்தை அள்ளி வீசினது போல முதலில் ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. பத்து ரீலும் ஒன்றாக நின்றன. பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேக்க கறுத்துக் கெடக்கு. நம்ம பக்கமும் ஊத்தியிருக்கும்," என்றாள் ஒச்சம்மாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மாயக்காள் அதுவரை பார்த்ததில்லை. "அப்ப நாங்க போயிட்டு வாரோம் தாயி."

"எங்க?"

"ஊருக்குத்தேன். வெதைக்கணும்ல?"

மாயக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் நாலே நாலு நா இருக்குக்கா. நாலு நா கழிச்சுப் போனா ஆகாதா?"

"அது மழைக்குத் தெரியுமா தாயி? ஈரம் இருக்குறப்ப வெத விழுகணும். ஆம்பளைக உழுதுருவாக. ஏருக்குப் பின்னால போயி வெத போட எங்களத்தான் தேடுவாக. மூணு நா விட்டா மண்ணு காஞ்சிரும், அப்பறம் வருசம் முச்சூடும் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

காசிமாயன் வந்துவிட்டார். வந்தவர் கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நாந்தேன் சொன்னேன்ல. மேகாட்டு ஆளுக மழ விழுந்தா நிக்கமாட்டாக. கேட்டப் பூட்டச் சொல்லு," என்றார். குரலில் வழக்கமான காரம் இல்லை.

அவருக்கும் உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். விதை போடுகிற காசிமாயன் பெண்டாட்டியோ பிள்ளை பெற்றுப் பதினெட்டே நாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை. ஊரிலிருந்து ஆள் வந்து சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தான், அவ்வளவுதான். காசிமாயன் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. பதினாலு வருஷமாக எவனுக்கும் லீவு கொடுக்காதீர்கள் என்று மேனேஜரிடம் சொன்ன வாயால் எப்படி லீவு கேட்பது? இதெல்லாம் மில் முழுக்கத் தெரிந்த கதை. அவர் முன்னால்தான் யாரும் பேசமாட்டார்கள்.

கேட்டைப் பூட்டிவிடலாம் என்று மாயக்காளுக்கும் தோன்றியது, பொய் சொல்வானேன். சின்னக்கருப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேஸ்திரிப் பதவி கைக்குள் வந்துவிடும். ஆனால் பூட்டி வைத்த ஆட்களுக்கு மேஸ்திரியாக இருப்பதை நினைத்தால் அவளுக்கே பிடிக்கவில்லை. ஒச்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஒச்சக்கா, ஒங்க ஊர்ல ஒருத்திக்கு ஒடம்பு முடியலைன்னா அவ காட்டுல யாரு வெத போடுவா?"

"பக்கத்துக் காட்டுக்காரி. பின்னாடி அவளுக்கு ஒண்ணுன்னா இவ போவா."

"அப்ப பத்துப் பேரும் எதுக்குப் போகணும்? அஞ்சு பேரு போயி எல்லார் காட்டுலயும் போடுங்க. மிச்சம் அஞ்சு பேரு இங்கன பத்து மாட்டையும் பாத்துக்கட்டும்."

பத்துப் பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தங்கப்பொண்ணுதான் முதலில் சொன்னாள்: "எங்களுக்குச் சொந்தக் காடு கெடையாது. நா இங்கன நிக்கிறேன். மயிலையையும் செவலையையும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க." அப்புறம் ஒவ்வொருத்தியாக ஒத்துக்கொண்டாள். கை வேகமான ஐந்து பேர் காட்டுக்கு, மீதி ஐந்து பேர் மில்லுக்கு. ஒச்சம்மாள் காட்டுக்குப் போகிற கூட்டத்தில் இருந்தாள். "சண்டியை நான் ஓட்டுறேன்," என்றாள் மாயக்காள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னபோது அவர் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சிட்டம் ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

"கொறையாதுங்க."

"முப்பதாம் தேதி ரெண்டாம் சங்கு ஊதுறப்ப எட்டுப் பேர் கேட்டுக்கு உள்ள நிக்கணும். வெளிய நிக்கிற ஆளை நான் எண்ணமாட்டேன்."

"இருபத்தொம்பது சாயங்கால ரயிலுக்கே வந்துருவாகங்க," என்றாள் மாயக்காள். ஒச்சம்மாள் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் ஐந்து பேர் ரயில் ஏறினார்கள். இங்கே ஐந்து பேரும் மாயக்காளும் தலையால் தண்ணீர் குடித்தார்கள். சண்டி மாயக்காளைப் படாத பாடு படுத்தியது. ஒன்பது வருஷ அனுபவம் அதனிடம் செல்லவில்லை. கடைசியில் ஒச்சம்மாளைப் போல அதட்டிப் பார்த்தாள், ஓடியது. பழைய ரீலிங்காரிகள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் வந்து கை கொடுத்தார்கள். மூன்று நாளும் சிட்டம் குறையவில்லை. காசிமாயன் நாலைந்து தடவை வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் மாயக்காள் ஸ்டேஷனுக்கே போய் நின்றாள். ரயில் வந்தது. வெற்றிலைக் கட்டு இறங்கியது, கோழிக்கூடை இறங்கியது, ஒரு கல்யாணக் கோஷ்டி இறங்கியது. ஒச்சம்மாள் இறங்கவில்லை. அன்றைக்கு மாயக்காளுக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதாம் தேதி காலை. முதல் சங்கு ஊதியது. கேட்டுக்குள் தங்கப்பொண்ணோடு ஐந்து பேர் நின்றார்கள். மேனேஜர் கடிகாரத்தோடு நின்றார். காசிமாயன் கேட்டு நோட்டோடு நின்றார். மாயக்காள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறே முக்கால். ஏழுக்கு ஐந்து நிமிஷம். இரண்டாம் சங்கு ஊதியது. சின்னக்கருப்பன் மாயக்காள் முகத்தைப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"அஞ்சு," என்றார் மேனேஜர்.

காசிமாயன் நோட்டில் ஐந்து என்று எழுதினார். மாயக்காள் சாத்தின கேட்டுப் பக்கம் போய் நின்றாள். பதவி போனது ஒரு பக்கம். ஒச்சம்மாள் சொன்ன சொல் பொய்யாகிவிட்டதே என்பதுதான் அதிகமாக வலித்தது. ஆனாலும் கேட்டை விட்டு நகரவில்லை. மேனேஜரும் ஏனோ நகரவில்லை.

பத்து நிமிஷம் கழித்து ரோட்டுத் திருப்பத்தில் ஐந்து பெண்கள் ஓடி வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். முழங்கால்வரை செம்மண். இடுப்பில் காலி விதைப்பெட்டி. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

காசிமாயனுக்குப் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "மணி என்ன ஆச்சு? சங்கு காதுல விழுகலையா? சாயங்கால ரயிலுக்கு வாரோம்னு சொல்லிட்டு இம்புட்டு நேரம் எங்க போயிருந்தீக?"

"ஒங்க காட்டுலதாண்ணே இருந்தோம்," என்றாள் ஒச்சம்மாள்.

காசிமாயன் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை.

"நேத்துச் சாயங்காலம் ஸ்டேசனுக்கு நடந்து வாரோம். வழியில ஒரு மனுசன் ஒத்தையில நாலு சால் ஓட்டுறாரு, மாட்ட நிறுத்துறாரு, அவரே திரும்பி வந்து வெத போடுறாரு. இப்பிடிப் போட்டா என்னைக்கு முடியும்? இன்னைக்கு வெயில் அடிச்சா ஈரம் போயிருமே! யாரு காடுன்னு கேட்டோம். ஒங்க பேரச் சொல்லி, அவரு தம்பின்னாரு. 'அய்யய்யோ, வேணாம்டி, போயிருவோம்'னா சோலையம்மா. காடு என்னடி பாவம் பண்ணுச்சுன்னு நாந்தேன் எறங்கச் சொன்னேன். முடிக்கையில பொழுது அடைஞ்சிருச்சு, ரயிலும் போயிருச்சு. விடியக்காலம் மொத பஸ்ஸுல ஏறினா, அது செக்கானூரணிகிட்ட மக்கர் பண்ணி நின்னுக்கிருச்சு, சேத்துல எறங்கித் தள்ளித்தேன் கெளப்புனோம். நாங்க என்னண்ணே செய்ய?"

ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரி ஒங்க வீட்டுலதான் தங்கினோம். புள்ளையப் பாத்தோம்ணே."

"பாத்தியா?" என்றார் காசிமாயன். அது அவர் குரல்தானா என்று சின்னக்கருப்பன் திரும்பிப் பார்த்தார்.

"தங்கமா இருக்கு. ஆனா அழுகைய ஆரம்பிச்சா ஊரே எந்திரிச்சு உக்காந்துக்கிருது. யாரு புள்ளைன்னு யாரும் கேக்கவே வேண்டியதில்ல."

சின்னக்கருப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். காசிமாயன் கீழே குனிந்து நோட்டைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை மாயக்காள் பார்த்துவிட்டாள். நிமிர்ந்ததும் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார்... சங்கு இன்னைக்குப் பத்து நிமிசம் முந்தி ஊதிருச்சுங்க."

பதினாலு வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் சொல்கிறார். மேனேஜர் கடிகாரத்தைத் திறந்தார். அது அத்தனை வருஷமாக மணி தவறியதில்லை. அதைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆமாம். இதுவும் கொஞ்சம் வேகமாத்தான் ஓடுது," என்று மூடிச் சட்டைப்பையில் போட்டார். "கேட்டைத் திறங்க."

ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். காசிமாயன் நோட்டில் இருந்த ஐந்தை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். மாயக்காளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, ஒச்சம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "ஏந்தாயி, நாங்க வரமாட்டோம்னா நெனச்ச?" என்று ஒச்சம்மாள் சேற்றுக்கையாலேயே அவள் முதுகைத் தட்டினாள். சேலையில் ஐந்து விரலும் பதிந்தது.

பகல் சோற்றுக்குச் சங்கு ஊதினதும் ரீலிங் வாசலில் காசிமாயன் வந்து நின்றார். உள்ளே இருந்தவர்கள் பழக்க தோஷத்தில் காதில் கை வைத்தார்கள். அவர் எதையும் கவனிக்கவில்லை.

"ஏத்தா மாயக்கா," என்றார். பிறகு திருத்திக்கொண்டு, "மேஸ்திரி," என்றார். "ரெண்டு நா ஊருக்குப் போயிட்டு வரலாம்னு... எம் பிரிவ யாராச்சும்..."

"நா பாத்துக்கிறேன்ணே. போயிப் புள்ளையப் பாத்துட்டு நிதானமா வாங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. அங்கேயே நின்று துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். அப்புறம் பக்கத்தில் வந்து, மில்லில் அதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்:

"லீவு எப்பிடிக் கேக்கணும்? ஆபீஸ்ல போயி யாருகிட்ட நிக்கணும், என்னன்னு சொல்லணும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நா கேட்டதே இல்ல."

மாயக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"மொத தடவ எல்லாருக்கும் அப்பிடித்தாண்ணே இருக்கும். வாங்க, நானும் கூட வாரேன்," என்று அவருக்கு முன்னால் நடந்தாள்.